வாப்பாவின் மணிக்கூடு என் கையில்

காத்தான்குடி

அன்பு மகன் பஹ்மிக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். கத்தார் வெயிலில் உன் உடம்பை அல்லாஹ் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருக்கிறோம், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. வாப்பா மௌத்தாகி இன்றைக்கு இருபத்து மூன்றாம் நாள். நான் இத்தாவில் இருப்பதால் வாசல் தாண்டுவதில்லை, உன் தங்கச்சி றமீஸா பிள்ளையோடு வந்து நிற்கிறாள், சமையல் அவள்தான். வாப்பாவின் தோணி வாவிக்கரையில் கவிழ்த்தபடி கிடக்கிறது. போனில் பேசினால் போதாதா என்று நினைப்பாய். போனை எடுத்தாலே சுற்றிவர ஆட்கள். பக்கத்து வீட்டு நௌஷாட் லீவு முடிந்து உன் பக்கம் வருகிறான், அவனிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். தனியே இருந்து வாசி மகன்.

போன கிழமை நீ கேட்டாய், வாப்பாட மணிக்கூடு இப்ப ஆர்ட கையில உம்மா, ராவில என்ட போனில துடிப்பு இன்னும் நூற்றிப் பதினெட்டுக் காட்டுதே என்று. சும்மா மேசையில் கிடக்கு, பழுதாப் போயிருக்கும் என்று பொய் சொன்னேன். அது என் கையில் இருந்தது. அன்றைக்கு மட்டுமல்ல, நோன்பு மாதம் நீ அதை அனுப்பிய மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொரு இரவும் என் கையில்தான் இருந்தது.

இங்கே கட்டினால் அங்கே உன் போனில் வாப்பாவின் நெஞ்சுத் துடிப்புத் தெரியும் என்றாய். பகலில் ஆசையாகக் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போவார், எல்லாருக்கும் காட்டுவார். ராவில் கட்டினால் தோல் கடிக்கும் என்று கழற்றி வைத்தார். இரண்டு ராவும் நீ சாமத்தில் போன் எடுத்து, கழட்டினா எனக்கு ஒண்டும் தெரியாது, எனக்கு நித்திரை வராது என்று சத்தம் போட்டாய். மூன்றாம் நாள் வாப்பா அதை என்னிடம் நீட்டி, இஞ்ச புள்ள, இத நீ போட்டுக்க, அவன் அங்க நிம்மதியாப் படுக்கட்டும் என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். நீ அவருடைய பெயர், வயது, நிறை எல்லாம் போட்டுத்தானே அனுப்பினாய். அடையாள அட்டை யாருடைய பையில் கிடந்தாலும் அது அவருடைய அட்டைதானே, அப்படித்தான் இதுவும் என்று நினைத்தேன். யாருடைய கையில் கிடந்தாலும் அவரைப் பற்றித்தான் சொல்லும் என்று நம்பினேன். என் புத்தி அவ்வளவுதான்.

பிறகு ராவில் நூற்று முப்பது, நூற்று முப்பத்தைந்து என்று உனக்குக் காட்டத் தொடங்கியது. களவாக இறால் பிடிக்கப் போகிறார் என்று அவரை ஏசினாய். நான் படுக்கையிலதான் கிடந்தன் மகன் என்று ஆணையிட்டுச் சொன்னார். நீ நம்பவில்லை, ஒரு கிழமை அவரோடு பேசவுமில்லை. டொக்டரிடம் போனோம். நாடி பிடித்துப் பார்த்து அறுபது, நல்லா இருக்கு என்றவர் நீ அனுப்பிய படங்களைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார். ராவு முழுக்கக் கட்டிக்கொண்டா படுக்கிறீங்க என்று கேட்டார். வாப்பா என்னைப் பார்த்தார், பிறகு ஓம் டொக்டர் என்றார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளதைச் சொன்னால் நீ எங்களை ஏசுவாய் என்ற பயம். துடிப்பைக் குறைக்க மருந்துக் குளிசை தந்தார்கள். குடித்த நாளிலிருந்து அவருக்குக் கால் குளிரும், எழும்பினால் தலை சுற்றும். ஆனால் ராவில் வந்த கணக்கு இறங்கவேயில்லை, எப்படி இறங்கும். நீ திரும்பவும் போகச் சொன்னாய், போனோம், குளிசையைக் கூட்டினார்கள். அன்றைக்கும் நான் வாய் திறக்கவில்லை.

சுபஹுத் தொழுகைக்கு ஒழு எடுக்க எழும்பியவர் பைப்படியில் விழுந்தார். தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கத்தினேன். அந்த நேரம் உன் போனில் நூற்று நாற்பது வந்ததாம், வழமையாக வாறதுதானே என்று நீ திரும்பிப் படுத்துவிட்டாயாம், வாப்பாவை நான்தான் விட்டுவிட்டேன் என்று றமீஸாவிடம் அழுதாயாம். அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். மகன், அந்த நூற்று நாற்பது வாப்பாவுடையது இல்லை. அவருடைய நாடியை நான் கழுத்தில் தேடினேன், கையில் தேடினேன், கிடைக்கவில்லை. ஓடியது என் நெஞ்சு. நீ எழும்பியிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க ஏலாது.

எழுபத்தொரு வயது, எதனாலும் வந்திருக்கலாம், குளிசையால்தான் என்று சொல்ல முடியாது என்கிறார்கள். அல்லாஹ்வின் நாட்டம் என்று வந்தவர்களெல்லாம் சொல்கிறார்கள், நானும் தலையாட்டுகிறேன். ஆனால் டொக்டரின் அறையில் பேசாமல் இருந்தது நான். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

எனக்கு இந்தப் படபடப்பு இரண்டு வருடமாக இருக்கிறது. வாப்பாவிடமும் சொல்லவில்லை. நோய்க்கு மருந்தெடுக்க இத்தாவிலும் வெளியே போகலாம் என்று மௌலவி சொல்லியிருக்கிறார், சனிக்கிழமை றமீஸாவோடு போகிறேன். இந்த முறை எல்லாவற்றையும் சொல்வேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, வேலையில் கவனமாக இரு, வாப்பாவுக்காக ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல நித்திரையும் தரட்டும். ஒன்றை மறக்காதே. உன் போனில் இன்னும் ஆதம்பாவா, எழுபத்தொன்று என்றுதான் கிடக்கும். அதை அழித்துவிட்டு கைறுன்னிஸா, அறுபத்து நான்கு என்று போடு. அதற்குப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் ஏசு, கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இவ்வளவு நாளும் ராவில் நீ வாப்பா என்று பார்த்துக்கொண்டிருந்த
உன் உம்மா