சத்தம் போடாத பிளேன்

அம்மா,

டோஹாவில நான் நல்ல சுகம். உங்கட இடுப்பு நாரிப்பிடிப்பு எப்பிடி? எண்ணெய் பூசுறனீங்களோ, இல்லாட்டி அதோடயே வயலுக்க இறங்கிறீங்களோ?

பயப்பிடாதேங்கோ, ஒரு சின்னப் பகிடி. வெள்ளிக்கிழமை லீவெண்டு, நான் செய்த குட்டிப் பிளேனை வெட்டைவெளிக்குக் கொண்டுபோய் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினன். பக்கத்தில நிண்ட ஸ்ரனிஸ்லஸ் அண்ணை, என்ர அறையில இருக்கிற முல்லைத்தீவு ஆள், குப்புற விழுந்து தலையைப் பொத்திக்கொண்டார். முழங்கை உரஞ்சிப்போச்சு. எழும்பினவுடன பேச்சுத்தான்: "விசரா, வண்டெல்லோ வந்திட்டுதெண்டு நினைச்சன்!"

சண்டை நேரம் மேல இரைஞ்சுகொண்டு சுத்தின வேவு விமானத்தை எல்லாரும் வண்டெண்டுதானாம் சொன்னவை. அது வந்தால் பின்னால ஷெல்லும் விழுமாம். நான் அப்ப குழந்தை, எனக்கெங்க தெரியும்? அங்க ஸ்கந்தபுரத்து வீட்டில இருக்கேக்க நான் பிளேன் எஞ்சினைத் துவக்கினால் நீங்கள் ஏன் வீட்டுக்க ஓடினனீங்கள் எண்டு இப்பதான் விளங்குது. நான் படிப்பை விட்ட கோவமெண்டெல்லோ நினைச்சனான்.

இப்ப எஞ்சினே இல்லாமல், கையால எறிஞ்சால் மிதக்கிற பிளேன் ஒண்டு செய்திருக்கிறன். அண்ணை லீவில ஊருக்கு வாறார். அவரிட்ட இந்தக் கடிதத்தோட அதையும் குடுத்துவிடுறன். வரம்பில நிண்டு ஒருக்கா எறியுங்கோ. சத்தமே வராது.

அண்ணை திரும்பேக்குள்ள மிளகாய்த்தூள் குடுத்துவிடுங்கோ. வொய்ஸ் மெசேஜ் போடேக்குள்ள குசினியில நிண்டு போடுங்கோ, தாளிக்கிற சத்தமும் கேக்கட்டும். இங்க ஏசி இரையிறது மட்டும்தான்.

வேலைக்குப் போற வான் ஹோர்ன் அடிக்குது. எறிஞ்சுபோட்டு உள்ள ஓடாமல், அது இறங்குமட்டும் மேல பாருங்கோ அம்மா.

உங்கட
சுகிர்தன்