ஐந்து புள்ளி இரண்டு

உன் இடது கால் செருப்பு என் மேசைமேல் இருக்கிறது. இரண்டு நாளாக மழை. ஈரம் கோத்த தோலின் வாடை அறை முழுக்க நிற்கிறது. ஜன்னலைத் திறந்துவிடலாம், மனசு வரவில்லை. வாடை அடிக்கும்வரை எனக்குப் பயமில்லை. அது நின்றுபோனால்தான் பயம். ஏன் என்று உன்னைத் தவிர யாருக்குத் தெரியும், பாவி? நீயும் இல்லை.

செருப்பு எப்படி என் கைக்கு வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நான் உன்னிடம் சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஏழு வருடமாகத் தொண்டையில் நிற்கிறது.

எம்.எஸ்சி. இரண்டாம் வருடம், நன்னீர் உயிரியல் களப்பயிற்சி. இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். நமக்கு விழுந்தது ஆம்பூரைத் தாண்டி ஒரு ஏரியும், அதன் கரைக்குக் கீழே இறைப்பு நின்றுபோன ஒரு பழைய விவசாயக் கிணறும். சுற்றிலும் வேர்க்கடலைக் கொல்லை. சுவரோடு ஒட்டி இறங்கும் கருங்கல் படிகள். அடியில் தண்ணீர் கறுப்பாக, அசையாமல் கிடந்தது. தோல் தொழிற்சாலைக் கழிவு எங்கிருந்தோ ஊறி வந்து சேர்கிறது என்று ஊரில் பேச்சு. "தவளகூட சத்தம் போட மாட்டேங்குது பாத்தியா?" என்றாய் முதல் நாளே. நான் சிரித்தேன். உனக்கு எதையாவது கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு மூன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று பார்க்கும் சோதனை நமக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். கண்ணாடிப் புட்டியில் குமிழி நுழையாமல் தண்ணீர் பிடித்து, அங்கேயே இரண்டு மருந்தை விட்டு, மூடிக் குலுக்க வேண்டும். பழுப்பாகத் திரண்டால் ஆக்சிஜன் உண்டு. வெள்ளையாகத் திரண்டால் இல்லை. மேற்கொண்டு அளவெடுப்பதெல்லாம் ஆய்வகத்தில்.

ஏரித் தண்ணீர் பழுப்பானது. கிணற்றுத் தண்ணீர் பாலாக வெளுத்தது.

"இன்னாடி இது, சுத்த வெள்ளையா இருக்குது?"

"மருந்து பழசு. ஊத்திடு."

"அதே மருந்துலதான ஏரித் தண்ணி பழுப்பாச்சு?"

"பஸ் போய்டும்டி, பேஜார் பண்ணாத" என்று புட்டியைப் பிடுங்கி வரப்பில் கொட்டினேன். நீ அந்த வெள்ளை மண்ணில் இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

மறுநாள் உனக்குக் காய்ச்சல். போனில், "வியாழக்கிழம நீ மட்டும் போய்ட்டு வந்துடு. புது மருந்து எடுத்துனு போ. எனக்கு அந்த வெள்ள மனசுலயே இருக்குது" என்றாய். போகிறேன் என்றேன். வியாழக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. விடுதி அறையில் மின்விசிறிக்குக் கீழே படுத்துத் தூங்கினேன். சாயங்காலம் ஆய்வக அலமாரியின் அடித்தட்டில் கிடந்த பழைய மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகளில் ஒன்றை எடுத்தேன். அங்கே எல்லோரும் செய்கிறதுதான். ஏதோ ஒரு கிணற்றுக்கு யாரோ ஐந்து என்று எழுதியிருந்தார்கள். முழு எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும் என்று அதன் பின்னால் புள்ளி இரண்டைச் சேர்த்தேன். அந்தப் புள்ளி இரண்டு என் சொந்தச் சரக்கு.

"பழுப்பு வந்துச்சா?" என்று கேட்டாய்.

"வந்துச்சு. அஞ்சு புள்ளி ரெண்டு."

"அப்பாடா" என்றாய். அந்த அப்பாடாவை நான் இன்றுவரை மறக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் புழு பூச்சிகள் சேகரிக்கப் போனோம். மேலிருந்து கயிற்றில் வலையை இறக்கி இழுத்தாய். தட்டில் கொட்டினால் அத்தனையும் சிவப்புப் புழு. நெளிந்துகொண்டே இருந்தது. வேறு ஒரு உயிர் இல்லை. மூச்சுக்கு வழியில்லாத சேற்றிலும் பிழைத்துக்கிடக்கிற புழு அது. நீ நோட்டைத் திறந்து என் கையெழுத்தைப் பார்த்தாய். பிறகு தட்டைப் பார்த்தாய்.

"அஞ்சு புள்ளி ரெண்டு இருக்கிற தண்ணியில இது மட்டும் எப்டிடி இவ்ளோ ஜாஸ்தியா இருக்கும்? கணக்கு ஒதைக்குதே."

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வாய் வார்த்தை. 'நான் போகலடி, பொய் எழுதிட்டேன்' என்று சொல்லியிருந்தால் நீ நான்கு திட்டு திட்டிவிட்டு அந்த இடத்திலேயே நின்றிருப்பாய்.

"நீ எடுத்தப்போ நெஜமா பழுப்பு வந்துச்சு இல்ல?"

"வந்துச்சுன்னு சொல்றேன் இல்ல?" என்று எரிந்து விழுந்தேன்.

"சரி, நானே அடிச்சேறு எடுத்துப் பாத்துடறேன்" என்று கைவலையோடு படியில் இறங்கினாய். என் பொய்க்கும் அந்தப் புழுவுக்கும் இருந்த முரணைத் தீர்க்கத்தான் இறங்கினாய். பாதிப் படியில் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அழுகின முட்ட நாத்தம்டி, தாங்கல" என்றாய். கடைசிப் படியில் குந்திச் சேற்றைக் கிளறினாய். குமிழ் குமிழாக வந்தது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாக, "ஏ, இப்ப வாடையே இல்லடி! போய்டுச்சு!" என்றாய்.

நானும் நல்லது என்றே நினைத்தேன். சேற்றிலிருந்து வருகிற அந்த அழுகிய முட்டை வாயு அதிகமானால் முதலில் மூக்கைத்தான் சாகடிக்கும், வாடையே தெரியாது என்று நமக்குப் பாடம் இருந்தது. தேர்வுக்கு எழுதியும் இருக்கிறேன்.

வலை உன் கையிலிருந்து நழுவியது. அப்புறம் நீ, எந்தச் சத்தமும் இல்லாமல்.

நான் கத்திய கத்தலில் கடலைக்கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். வந்தவர்கள் இறங்கவில்லை. வேப்பங்கிளைகளை ஒடித்துக் கயிற்றில் கட்டி, கிணற்றுக்குள் விட்டு மேலும் கீழுமாக ஆட்டினார்கள். "இறங்குங்களேன், இறங்குங்களேன்" என்று அவர்கள் காலில் விழுந்தேன். ஒரு அம்மா என்னை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "கெட்ட காத்து கண்ணு. தழ ஆட்டாம எறங்கினா எறங்கறவனும் போய்டுவான். படிச்ச புள்ளைங்கதான, இது கூடவா தெரியாது?"

தெரியும். தண்ணீரே புட்டியில் வெள்ளையாக எழுதிக் காட்டியது. நான் வரப்பில் கொட்டினேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் போலீஸ்காரர், "எப்டிம்மா உழுந்துச்சு?" என்று கேட்டார். நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தேன். கெட்ட காற்று என்று சொன்னால் நோட்டைக் கேட்பார்கள். "கால் வழுக்கிடுச்சு சார்" என்றேன். கூட இருந்தவளே சொல்கிறாள் என்று அப்படியே எழுதிக்கொண்டார்.

அவருக்குப் பின்னால் உன் அம்மா நின்றிருந்தார். ஷூ கம்பெனியிலிருந்து ஏப்ரனோடு அப்படியே வந்திருந்தார். கையில் இந்த ஒற்றைச் செருப்பு, படியில் கிடைத்தது. "நான்தான கம்பெனியில செகண்ட்ஸ்னு கழிச்சத கம்மி வெலைக்கு எடுத்தாந்து குடுத்தேன். அடி வழவழன்னு இருந்திருக்குமே. பாக்காம குடுத்தேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. நான் மனுஷியா சொல்.

இப்போது தண்ணீர் சோதிக்கிற இடத்தில்தான் வேலை. ஒவ்வொரு புட்டியையும் இரண்டு தடவை பார்க்கிறேன். உடன் வேலை செய்பவர்கள் கேலி செய்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

போன மாதம் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் உன் அம்மாவைப் பார்த்தேன். உச்சி வெயிலில், கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு நின்றிருந்தார். "இன்னாம்மா, செருப்பு போடலயா?" என்றேன். "போடறதில்ல கண்ணு, அன்னிலருந்து" என்று சாதாரணமாகச் சொன்னார். நாளெல்லாம் ஊராருக்குச் செருப்பு தைத்துவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு நடக்கிறார். என் ஒரு வார்த்தைக்காக.

ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். டீ போட்டுக் கொடுத்தார். குடிக்க முடியவில்லை. பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்று விடாமல் சொன்னேன். வெள்ளைப் புட்டி, வியாழக்கிழமை, புழு, போலீஸ். என் விரல் அந்த எண்ணின் மேலேயே இருந்தது. அம்மா எண்ணைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்.

"அப்போ செருப்பு வழுக்கலயா?"

"இல்லம்மா."

திட்டுவார் என்று உட்கார்ந்திருந்தேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். எழுந்து உள்ளே போய், செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்துவந்து நோட்டின் மேல் வைத்தார்.

"இத்தினி வருஷம் இத நான் வச்சினு இருந்தேன். இனிமே நீ வச்சிக்க."

அவ்வளவுதான் பேசினார். வாசல்வரை வந்தார். வழக்கமாகச் சொல்கிற 'வந்து போ கண்ணு' இல்லை.

பஸ்ஸில் மடியில் வைத்துப் பிரித்துப் பார்த்தேன். பட்டை பிய்ந்திருந்தது. திருப்பி அடியைக் கட்டைவிரலால் தேய்த்தேன். வழவழப்பே இல்லை. நல்ல கெட்டியான, சொரசொரப்பான அடி.