அக்கரையில் நிற்பதற்கு எந்தக் கலிபர்

மொன்ட்ரியால்-நோர்
10 செப்ரெம்பர் 2006

பெருமதிப்பிற்குரிய அல்பேட் அண்ணா அவர்கட்கு,

ஆனந்தராசாவின் மனைவி பாலாம்பிகை பணிவன்புடன் வரைவது. தங்கள் மடல் ஓகஸ்ட் மாதமே கைக்கு எட்டியிருந்தும் மறுமொழி இத்துணை தாமதித்தமைக்கு முதற்கண் பொறுத்தருள வேண்டுகிறேன். சோம்பல் காரணமன்று. தாங்கள் தொடுத்த வினாவுக்கு நூலகத்தில் உரிய நூல்களைப் பாராமல் விடை எழுத என் மனம் ஒப்பவில்லை.

பெரிய மூஸ் மான் ஒன்றை ஒரே வெடியில் விழுத்த எந்தக் கலிபர் துப்பாக்கி உகந்தது என்று கேட்டிருந்தீர்கள். துப்பாக்கிக் கடைக்காரரை விடுத்து என்னைக் கேட்டமை எனக்குப் பெருமை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான், என் கணவருக்குப் பிரெஞ்சு வாசிக்க வராது என்பதற்காக வேட்டை அனுமதிப் பாடநூலை வரிவரியாகத் தமிழில் சொல்லிக் கொடுக்கப் புகுந்து, ஈற்றில் அப்பரீட்சையை நானும் எழுதி அவரிலும் கூடிய புள்ளி பெற்றதைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

என் தீர்ப்பு இது. புதிதாக வாங்குவதெனில் .308 போதும். 180 கிறெயின் நிறையுள்ள ரவை, முன்காலுக்குச் சற்றுப் பின்னே, நுரையீரலில். .338 மக்னம் வேண்டவே வேண்டாம். அதன் பின்னுதை ஏறக்குறைய இரு மடங்கு. உதைக்கு அஞ்சும் தோள், விசையை இழுக்கும் முன்னரே சுருங்கிவிடும், குறி தவறும். ஆயினும் ஊரில் பொலிஸ்காரர் தோளில் கண்ட அதே பழைய .303 தங்களிடம் இருக்கிறதே. அதைக் கொண்டே மூஸ் விழுத்திய கைக்கு இப்போது ஏன் அது போதாமற் போயிற்று என்பது எனக்கு விளங்கவில்லை.

தங்களுடன் அந்த ஏரிக்கு வேட்டைக்கு வந்த என் கணவர் திரும்பாமல் போய், வருகிற ஒக்ரோபருடன் ஓராண்டு. பொலிசார் நாய்களைக் கொண்டு தேடியும் ஒரு சப்பாத்துத்தானும் அகப்படவில்லை. சென்ற ஞாயிறு அவருடைய தங்கை சாருஜா புரோசார்ட்டிலிருந்து வந்து, "மச்சாள், உந்தப் பொட்டை எத்தினை நாளைக்கு வைச்சிருக்கப் போறியள்? சனம் கதைக்குது" என்றாள். தர்ப்பையால் உருவம் செய்து எரித்துக் கிரியையை முடித்துவிடலாம் என்று ஐயர் சொல்கிறாராம். "சனத்துக்குக் கதைக்க வேற ஒண்டும் கிடைக்கேல்லையோ? நான் புல்லுக் கட்டுக்குக் கழுத்து நீட்டேல்லை, அதை எரிச்சிட்டுப் பொட்டழிக்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் இருக்கிறாரா இல்லையா என்பதைத் திட்டமாக அறியாமல் இந்தப் பொட்டை அழிக்க மாட்டேன்.

இங்ஙனம்,
பாலாம்பிகை ஆனந்தராசா


ஏரி முகாம், லா துக்கிற்கு வடக்கே
24 செப்ரெம்பர் 2006

அன்புள்ள தங்கச்சி,

உங்கட கடிதம் சாமான் லொறியோட வந்தது. எனக்கு உங்களை மாதிரி எழுத வராது. கதைக்கிற மாதிரித்தான் எழுதுறன், குறை நினையாதையுங்கோ.

.303 ஏன் காணாது எண்டு கேட்டியள். ஆனந்தன் கடைசியாப் போன அந்த அக்கரையில, பொழுதுபடுகிற நேரத்தில ஒண்டு வந்து நிக்குது. மூஸ்தான். கொம்பு என்ர ரெண்டு கையும் விரிச்ச அகலம். தண்ணி அதின்ர முழங்காலுக்கு. நான் சுட்டன். பட்ட சத்தம் ஈரச் சாக்கில அடிச்ச மாதிரிக் கேட்டுது. அது அசையேல்லை. திரும்பியும் சுட்டன். தலையை மட்டும் என்ர பக்கம் திருப்பிச்சுது.

வள்ளத்தை வலிச்சுக்கொண்டு போய்ப் பாத்தன். இரத்தம் இல்லை. சேத்தில என்ர காலடியைத் தவிர வேற காலடியும் இல்லை.

முகாம் முதலாளிக்குப் பற்றிக் எண்டு பேர், அவனிட்டச் சொன்னன். "அல்பேட், நீ பியரையும் துவக்கையும் ஒண்டாத் தூக்காதை. அடுத்தமுறை கண்டால் நான் சுகம் கேட்டதாச் சொல்லு" எண்டு சிரிக்கிறான். சிரிக்கட்டும். அவன் அந்த நேரத்தில வெளிய வாறேல்லை.

சுட்ட நாளிலயிருந்து அது கத்துது, தங்கச்சி. நாளுக்கு ஒருக்கா. நீளமா, என்ர நெஞ்சுக்குள்ள இருந்து வாற மாதிரி. அதுதான் பெரிய கலிபர் கேட்டன். விழுத்தினால்தான் எனக்கு நித்திரை.

அல்பேட்


மொன்ட்ரியால்-நோர்
3 ஒக்ரோபர் 2006

மதிப்பிற்குரிய அண்ணா,

தங்கள் மடலை ஊன்றி வாசித்தேன். அச்சம் கொண்டவர் எழுத்து அது. ஆகவே ஆராய்ந்து விடை தருகிறேன்.

நுரையீரலில் அடிபட்ட மூஸ் ஓடும். ஓடிச் சிறு தொலைவில் விழும். நின்று தலை திருப்புவது எந்நூலிலும் இல்லை. இன்னொன்று. நீண்டு இழுக்கும் கூவல் பெண் மூஸுக்கே உரியது. கொம்பு ஆணுக்கே உரியது. ஆண் கூவாது, உறுமும். கொம்பும் கூவலும் ஓருடலில் பொருந்தா. மங்கிய ஒளியில் கண் பிழை செய்யலாம். தாங்கள் கண்டது சரிந்து கிடக்கும் மரமாக இருக்கலாம். காது அத்துணை எளிதில் பிழை செய்யாது. பெண் மூஸைப் போலக் கூவி ஆணை அழைப்பதற்கு வேட்டைக்காரர் மரப்பட்டைக் குழல் ஊதுவார்கள். தாங்கள் கேட்பது குழலோசை.

என் கணவர் இங்கே சமையலறையில் நின்று அதைப் பழகியதை எண்ணிப் பார்க்கிறேன். கீழ்வீட்டு மதாம் கிறேஸ் தும்புத்தடியால் கூரையை இடித்து, பின் படியேறி வந்து, "மதாம், இந்தக் கட்டடத்தில் மாடு வளர்க்க அனுமதி இல்லை" என்றார். என் கணவர் சிரித்தார், சிரித்ததில் மூச்சு முட்டிற்று. ஆஸ்துமாக்காரரான அவருடைய கூவல் ஒருநாளும் முழுதாக முடிந்ததில்லை. ஈற்றில் உடையும், உடைந்தபின் எச்சில் விழுங்குவது போன்ற ஓர் ஒலி வரும்.

தங்கள் ஏரியில் கேட்பது ஈற்றில் உடைகிறதா? அது ஒன்றை மட்டும் எழுதுங்கள். அதுவரை அத்திசையில் எந்தக் கலிபராலும் சுடாதீர்கள்.

பாலாம்பிகை ஆனந்தராசா


ஏரி முகாம்
11 ஒக்ரோபர் 2006

தங்கச்சி,

உடையுது. உடைஞ்சு, நீங்கள் எழுதினபடி ஒரு விழுங்கல். நான் அதை உங்களுக்கு எழுதாமல்தான் விட்டனான். நீங்களே எழுதிப்போட்டியள்.

ஆனால் ஒண்டு கேளுங்கோ. வன்னிக் காட்டில வேட்டைக்குப் போறவைக்கு ஒரு பழக்கம் இருக்கு. காட்டுக்குள்ள ஒரே ஒருதரம் கேட்ட கூப்பிடுக்குப் பதில் குடுக்கிறேல்லை. மனிசன் எண்டால் மூண்டுதரம் கூப்பிடுவான். மற்றது ஒருதரம்தான் கூப்பிடும். பதிலுக்குப் பாத்துக்கொண்டு நிக்கும். நான் வேதக்காரன், செபமாலை உருட்டுறவன், எண்டாலும் காட்டுக்குள்ள அதை மீறினதில்லை. இது நாளுக்கு ஒருதரம்தான் கூப்பிடுது. நான் இன்னும் வாய் திறக்கேல்லை.

சொல்லுங்கோ. .338ஐ வாங்கட்டோ, இல்லாட்டி எல்லாத்தையும் விட்டிட்டு மொன்ட்ரியாலுக்கு வரட்டோ? நீங்கள் படிச்சனீங்கள். நீங்கள் சொல்லுறதைச் செய்யிறன்.

அல்பேட்


மொன்ட்ரியால்-நோர்
16 ஒக்ரோபர் 2006

மதிப்பிற்குரிய அண்ணா,

தங்கள் மடலைக் கண்டதும் சுவாமி அறையில் விளக்கேற்றினேன். அவர் உயிருடன் இருக்கிறார்.

ஒருமுறை மட்டும் கூப்பிடுவதற்குப் பேய் எதுவும் வேண்டியதில்லை. மூச்சுக் குறைந்த மனிதர் போதும். குளிரில் மருந்தின்றி ஓராண்டு கழித்தவர் எவ்வாறு மூன்றுமுறை ஊதுவார்? அங்கே பூட்டிக் கிடக்கும் வேட்டைக் குடில்கள் பல உண்டென்று முகாம் முதலாளி பற்றிக் பொலிசாரிடம் சொன்னது அறிக்கையில் இருக்கிறது. அவற்றுள் ஒன்றில் ஒதுங்கி, நினைவு தடுமாறி, துப்பாக்கியோடு நிற்கும் தங்களைக் கண்டு அஞ்சுகிறார். இதுவே முறையான விளக்கம். வன்னிப் பழக்கத்தை வன்னியிலேயே விட்டுவிடுங்கள்.

கலிபர் பற்றிய என் முடிவு: எதுவும் வேண்டாம். .303ஐச் சுவரில் மாட்டிவிடுங்கள். அவர் புதுக்குழலோடு போனபோது இங்கு விட்டுச் சென்ற பழைய குழலை இத்துடன் பொதியாக அனுப்புகிறேன். அவர் அழைத்ததும் பதில் ஊதுங்கள். வந்தால் கைபிடித்துக் கூட்டி வாருங்கள். மொன்ட்ரியாலுக்குத் தனியே வந்துவிடாதீர்கள்.

சாருஜாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவருடைய கம்பளிச் சட்டைகளைத் துவைத்துப் போட்டிருக்கிறேன்.

பாலாம்பிகை


ஏரி முகாம்
29 ஒக்ரோபர் 2006

தங்கச்சி,

குழல் வந்தது. ஊதினன். முதல்நாள் ஒண்டும் இல்லை. காடே மூச்சுப் பிடிச்ச மாதிரி இருந்தது. அடுத்தநாள் அது கூப்பிட்டு முடிய நான் ஊத, அது திரும்பக் கூப்பிட்டுது. இப்ப ரெண்டுபேரும் மாறி மாறி. நீங்கள் சொன்னது சரியோ தெரியேல்லை, ஆனால் பயம் விட்டுப்போச்சு. அதுதான் எனக்குப் பிடிக்கேல்லை.

அக்கரையில இப்ப நிக்கிறதில்லை. ஒவ்வொரு நாளும் கிட்ட வருது. நேற்று ஏரி நடுவில நிண்டது. அங்க ரெண்டு ஆள் ஆழம், தங்கச்சி. தண்ணி அதின்ர முழங்காலுக்குத்தான் இருந்தது.

கொம்பு இல்லை. நீங்கள் சொன்னபடி அது மரக்கொப்பாத்தான் இருந்திருக்கும். முகம் இன்னும் தெரியேல்லை. நாளைக்கு வள்ளத்தைக் கொண்டு போறன். துவக்கு எடுக்கேல்லை. நீங்கள் சொன்னபடி.

அல்பேட்


மொன்ட்ரியால்-நோர்
26 நவம்பர் 2006

பெருமதிப்பிற்குரிய அல்பேட் அண்ணா அவர்கட்கு,

தங்கள் இறுதி மடலுக்கு இரு மறுமொழிகள் எழுதி அனுப்பினேன். இரண்டும் பிரிக்கப்படாமல் தங்கள் கட்டிலில் கிடப்பதாக முகாம் முதலாளி பற்றிக் நேற்றுத் தொலைபேசியில் கூறினார்.

வள்ளம் இக்கரையில் கட்டியபடியே இருக்கிறதாம். .303 சுவரில் மாட்டியிருக்கிறதாம். குழலைக் காணவில்லையாம். பொலிசார் மீண்டும் நாய்களோடு வந்து போய்விட்டார்கள்.

பற்றிக் சிரிக்கவில்லை. ஏரி உறைந்துவிட்டது என்றார். பொழுதுபடும் வேளையில் பனிக்கட்டியின் நடுவிலிருந்து ஒரு குரல் கூவுகிறதாம். கூவி, ஈற்றில் உடைகிறதாம். அதற்கு இன்னொரு குரல் பதில் கொடுக்கிறதாம். அது உடைவதில்லையாம். விடிந்து போய்ப் பார்த்தால் பனியில் ஒரு தடமும் இல்லை. பிறகு, தயங்கித் தயங்கி, "மதாம், நீங்கள் கலிபர் எல்லாம் படித்தவர் என்று அல்பேட் சொல்வான். எதை வாங்கினால் நல்லது?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். இச்சொல்லை நான் எவரிடமும் சொல்லிப் பழக்கமில்லை.

அக்குரலுக்குப் பதில் ஊதுங்கள் என்று தங்களுக்கு எழுதியவள் நான். அவ்வரியை இன்றும் எழுதுவேனா என்று சென்ற சில நாட்களாக என்னையே கேட்டுப் பார்க்கிறேன். எழுதுவேன், அண்ணா. அதுவே எனக்கு அச்சமாயிருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஐயர் வருகிறார். சாருஜா தர்ப்பை வாங்கிவிட்டாள். "மச்சாள், இனியாவது என்ர அண்ணையைப் போக விடுங்கோ" என்று அழுகிறாள். காலையில் கண்ணாடி முன் நின்று, பொட்டை வைக்கும் விரலை நெற்றியருகே கொண்டுபோய் நிறுத்திக்கொண்டு நிற்கிறேன்.

இம்மடலை முதலாளி பற்றிக் தங்கள் கட்டிலில் வைக்க மாட்டாராம். ஏரிக்கரையில் கல் வைத்து விட்டுப் போவாராம். தங்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. அவருடைய முகத்தைக் கண்டீர்களா? கண்டிருந்தால், அது அவர்தானா?

ஓம் அல்லது இல்லை என்று ஒரு சொல் போதும். வெள்ளிக்கிழமைக்கு முன் பதில் எழுதுங்கள்.

பாலாம்பிகை