ஆர்.என்.ஏ. அறையில் நான் வைக்காத கைநாட்டு

அண்ணாத்த, நான்தான் எழுதுகிறேன். ஆள் வைத்து எழுதவில்லை. நீ நம்ப மாட்டாய், ஆனாலும் இது என் கை.

போன வாரம் செங்கல்பட்டில் சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். ரத்தம் எடுக்கும் பெண் பெட்டியிலிருந்து நீலக் கையுறையை உருவி மாட்டினாள். அந்த ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். அவள் தலைக்கு மேலே ஒரு பலகை இருந்தது. எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தேன். "கையுறை இல்லாமல் தொடக் கூடாது."

"இன்னா தாத்தா, பரீட்சையா?" என்று அவள் சிரித்தாள்.

"ஆமா கண்ணு. பாஸ் பண்ணிட்டேன்."

ஊசி குத்தியதே தெரியவில்லை.

ஆறு மாதமாக எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்புக்குப் போகிறேன். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் பதினைந்து பேர், ஆம்பளை நான் ஒருவன். பேருந்துப் பலகையெல்லாம் இப்போது என்னோடு பேசுகிறது. திருப்போரூர் என்று எழுதியிருந்தால் வண்டி திருப்போரூருக்குத்தான் போகிறது. ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. இத்தனை வருடம் இந்தச் சந்தோஷத்தை யாரோ எனக்குத் தெரியாமல் தனியாகத் தின்றுகொண்டிருந்தார்கள்.

தொடாதே என்ற வார்த்தையோடுதான் நீ எனக்கு அறிமுகமானாய். மாமல்லபுரம் போகிற சாலையில், உப்புக் காற்று ஜன்னல் கம்பியைத் தின்கிற அந்த ஆராய்ச்சிக் கட்டடத்தில் எனக்குத் தரை துடைக்கும் வேலை. நீ உள்ளறை டெக்னீஷியன். முதல் நாள் மேசையில் சாய்ந்திருந்த ஒரு டப்பாவை நிமிர்த்தப் போனேன். "தொடாத" என்று கத்தினாய். நான் துடைப்பத்தைக் கீழே போட்டேன். சின்ன வயதில் களத்து வேலைக்குப் போன வீடுகளில் என் கைக்குத் தண்ணீரை எவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றினார்கள் என்று எனக்குத்தான் தெரியும். ஐம்பது வயதில் அந்தத் தொடாதேயை மறுபடியும் கேட்க எனக்குத் தலையெழுத்து இல்லை.

"இந்த வேலை வாணாம் சார். வேற ஆளப் பாத்துக்கங்க" என்றேன்.

நீ உன் இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேராக நீட்டினாய். உறை போட்டிருந்தாய். "நானே தொடல, பாரு. என் தோலுமேலயும் அந்தக் கருமம் கீது. உன்னிது மட்டும் இல்ல, எல்லார் கையும்தான்."

பிறகு டீ குடிக்கும்போது விளக்கினாய். மனுசன் உடம்புச் செல்லுக்குள் ஆர்.என்.ஏ. என்று ஒன்று இருக்கிறது, அதில் பல தினுசு, எந்தத் தினுசு எவ்வளவு என்று அளப்பதுதான் உன் வேலை. எனக்குக் கல்யாண வீட்டை வைத்துச் சொன்னாய். "அடுப்பாண்ட வேகுறவன் கீறான் பாரு, அவன்தான் ஜாஸ்தி. சாமான் தூக்கினு வர்றவன் கொஞ்சம். இன்னா சமைக்கணும்னு சீட்டு எடுத்தாறவன் ரொம்பக் கம்மி. படிச்சவங்களுக்கு அந்தச் சீட்டு மட்டும்தான் வேணும். அதுக்கு அடுப்பாண்ட கீறவன் அத்தினி பேரையும் கயுவி ஊத்திட்டு அப்புறம் எண்ணுவாங்க."

"அடுப்பு இல்லாம சீட்ட வெச்சிகினு இன்னா பண்றது?" என்று கேட்டேன்.

"கரெக்டா கேட்ட மச்சான்" என்றாய். அச்சரப்பாக்கத்து நிலக்காரக் குடும்பம் உன்னுடையது. எங்கள் தெரு ஆளை மச்சான் என்று கூப்பிட்டது உன் ஊருக்குத் தெரிந்தால் உன்னைச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். அன்றிலிருந்து நீ எனக்கு அண்ணாத்த.

அந்த ஆர்.என்.ஏ.வைப் போல் தொட்டால் சிணுங்குகிற பொருளை நான் கண்டதில்லை. நம் தோலில், வியர்வையில், எச்சிலில் இருக்கிற ஏதோ ஒன்று பட்டால் அது துண்டு துண்டாகிவிடும். துண்டானால் அளவு பொய் சொல்லும். அளப்பதற்கு முன்னால் நீ ஒவ்வொரு முறையும் அதை ஜெல் என்கிற கூழ்ப் பலகையில் மின்சாரம் கொடுத்து ஓடவிட்டு, விளக்கின் மேல் வைத்துப் பார்ப்பாய். நல்லதாக இருந்தால் இரண்டு கோடு பளிச்சென்று தெரியும், மேல்கோடு பிரகாசமாக, கீழ்க்கோடு கொஞ்சம் மங்கலாக. அந்த இரண்டும் அடுப்படி ஆட்கள்தான் என்று சொல்லுவாய். கெட்டுப்போயிருந்தால் கோடே இருக்காது. மழையில் நனைந்த கோலம் மாதிரி இழுவிப்போயிருக்கும்.

அந்த வருடத்து ஆயுத பூஜைக்கு நீ இல்லை. உன் அண்ணன் டிராக்டருக்குப் பொட்டு வைக்க ஊருக்குப் போயிருந்தாய். எனக்கு வாசலில் பூசணிக்காய் உடைக்கும் வேலை. உள்ளே கூப்பிடவில்லை. கண்ணாடிக் கதவு வழியாகத்தான் பார்த்தேன். புதிதாக வந்திருந்த துறைத் தலைவர், பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, துளி எடுக்கும் பிப்பெட் ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அதன் முனைகளை அடுக்கி வைத்திருந்த டப்பாக்களைத் திறந்து ஒவ்வொன்றிலும் ஒரு சாமந்திப் பூ போட்டார். எல்லாம் வெறும் கையால்.

நீ திரும்பி வருவதற்குள் பொட்டையும் பூவையும் எடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் முழுக்க உன் பலகையில் இழுவல்தான். மூன்று தடவை செய்தாய், மூன்று தடவையும் இழுவியது. தலைவர் என்னைக் கூப்பிட்டார். கதவில் தொடாதே என்று பலகை போட்டிருக்கிறது, படிக்கத் தெரியாதவனை உள்ளே விட்டதால் வந்த வினை என்றார். ஒரு தாளை நீட்டினார். கைநாட்டு வைத்தால் மன்னித்து வெளித் தரைக்கு மாற்றுவாராம், வைக்காவிட்டால் நாளையிலிருந்து வேலை இல்லையாம். மை டப்பா தயாராக மேசைமேல் இருந்தது. அன்றைக்கு என் வீட்டில் அந்தச் சம்பளத்தை நம்பி ஐந்து வயிறு.

தாளை எடுத்துக்கொண்டு உன்னிடம் வந்தேன். நீ வாங்கிப் படித்துக் காட்டினாய். "படிக்கத் தெரியாம பொருளைத் தொட்டுட்டேன், இனிமே தொட மாட்டேன்னு எயுதிகீது." பிறகு மெதுவாக, "வைக்காத மச்சான்" என்றாய்.

"பூஜ அன்னிக்கி நான் உள்ளயே வரலையே. சாமந்திப் பூ போட்டது அவருதான்" என்றேன். பொட்டு விஷயத்தை அப்போதுதான் நீ கேள்விப்பட்டாய். சிரித்த சிரிப்பில் முக்காலியிலிருந்து விழப் பார்த்தாய்.

மாணவர்கள் எல்லாரையும் கூப்பிட்டாய். பொட்டு படாத பிப்பெட்டையும் முனைகளையும் பக்கத்துத் துறையிலிருந்து வாங்கிவந்து, பூஜைக்கு முன்னால் எடுத்து உறைய வைத்திருந்த நல்ல ஆர்.என்.ஏ.வை நான்கு சின்னக் குழாயில் பிரித்தாய். சுத்தமான தண்ணீரில் என் கட்டைவிரலை நனைத்து, அந்தத் தண்ணீரில் ஒரு துளியை ஒரு குழாயில் விட்டாய். அடுத்ததில் உன் விரல் பட்ட தண்ணீர்.

"நீங்களும் ஒரு விரல் குடுங்க சார். அளவுன்னா எல்லாரும் இருக்கணும்" என்றாய். இத்தனை பேர் பார்க்கும்போது அவர் எப்படி மறுப்பார்? நான்காவது குழாயில் யார் விரலும் படாத தண்ணீர்.

விளக்கின் மேல் வைத்தபோது ஒரு வரிசையில் இரண்டு கோடு. மற்ற மூன்றிலும் இழுவல். எந்த வரிசை யாருடையது என்று நீ மட்டும்தான் குறித்து வைத்திருந்தாய்.

"இதுல படிக்காதவன் கை எதுன்னு காட்டுங்க சார்."

அவர் குனிந்து வெகு நேரம் பார்த்தார். நிமிர்ந்து வெளியே போனார். பிப்பெட்டெல்லாம் கழுவப்பட்டன. பூப் போட்ட டப்பாக்கள் குப்பைக்குப் போயின. புது டப்பாக்கள் வந்த அன்றே உன் இரண்டு கோடும் திரும்பி வந்தன. அடுத்த வருடத்திலிருந்து பொட்டு கதவுக்கு மட்டும். நான் ஓய்வு பெறும் வரை உள்ளறையைத்தான் துடைத்தேன். உனக்கு வர வேண்டிய பதவி உயர்வு வராமல் போனதை நீ ஒரு நாளும் என்னிடம் சொல்லவில்லை. நீ கண்ணை மூடிய பிறகு உன் மகன் சொல்லித்தான் தெரியும்.

அந்தத் தாளைக் கிழிக்கச் சொன்னாய். கிழிக்கவில்லை. ரத்தம் கொடுத்துவிட்டு வந்த அன்று டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தேன். நானே படித்தேன், ஒரு மணி நேரம் ஆனது. நீ படித்துக் காட்டியது எல்லாம் இருந்தது. நீ படிக்காத ஒன்றும் இருந்தது. என் அழுக்குக் கையால், என்று. ழு எனக்குக் கடைசியாக வசப்பட்ட எழுத்து. மூன்று முறை கூட்டிப் பார்த்துத்தான் நம்பினேன்.

நீ வேண்டுமென்றே தாண்டிப் படித்திருக்கிறாய். எனக்கு அது பிடிக்கவில்லை அண்ணாத்த. அதற்குமேல் கேட்டவன் நான், தாங்கியிருப்பேன். சத்தமாகப் படித்திருந்தால் அந்த மனிதர் முகத்துக்கு நேராக நானே பதில் சொல்லியிருப்பேன். என் பதிலை நீ எடுத்துக்கொண்டாய். உன்னோடு சண்டை போட நீ இல்லை, அதனால் இதில் போடுகிறேன். நீ அந்த வார்த்தையைச் சொல்ல வாய் வராமல் முழுங்கியதை நினைத்துச் சாப்பிடாமல் படுத்தேன் என்பதையும் இதிலேயே எழுதுகிறேன்.

பதில் இப்போது சொல்லிவிட்டேன். அந்த மூன்று வார்த்தையையும் பேனாவால் அடித்தேன். கைநாட்டுக்கு விட்டிருந்த வெற்றிடத்தில், உறை போடாத என் கையால், "எல்லார் கையும்தான்" என்று எழுதினேன். அதன் கீழே என் பெயர். தாளை மடித்துச் சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறேன், தலைவர் எங்கேயாவது எதிரே வந்தால் நீட்டுவதற்கு.

மடிப்பதற்கு முன்னால் மை காயும் வரை காத்திருந்தேன். பிறகு கட்டைவிரலால் அழுத்தித் தொட்டுப் பார்த்தேன். இழுவவில்லை.