கார் கொட்டகை திரும்பி நின்ற கதை

சூளகிரி
22-8-2006

அன்பு மகள் எஸ்லினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உன் தம்பி கிங்ஸ்டனும் சுகமாக இருக்கிறோம். நீயும் அந்த மஸ்கட் வெயிலில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நினைத்துத்தான் தினமும் விளக்கேற்றுகிறேன். கிங்ஸ்டன் இந்தத் தடவை கணக்கில் பாஸ், அவனே நம்பாமல் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தான். போன மாதம் போனில், ரோடு அகலம் பண்ணுவதற்காகக் கொட்டகையை மூடப்போகிறார்களாமே, நல்லதாகப் போயிற்று, இனிமேலாவது போண்டாச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு ஓய்வெடும்மா என்று சொன்னாய், நானும் சரி சரி என்று வைத்துவிட்டேன். நடந்ததைப் போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய், கடிதத்தில் கத்த முடியாது அல்லவா, அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன். காரில் உட்கார்ந்தபடி படம் பார்க்கிற கொட்டகை உங்கள் ஊரிலா என்று உன்கூட வேலை பார்க்கிற நர்சுப் பிள்ளைகள் சிரித்தார்கள் என்றாயே, அவர்களுக்கும் படித்துக் காட்டு.

உனக்கு அப்போது ஆறு வயது. அப்பாவின் பாக்டரியில் ஆட்களைக் குறைத்து அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், நான் ஹைவே ஓரம் பஜ்ஜிக் கடை போட்டிருந்தேன். எதிரில் பேரிகை கோவிந்தப்பண்ணன், லாரி வைத்திருந்தாரே அவர்தான், தன் மானாவாரி நிலத்தில் பனைமர உயரத்துக்கு ஒரு சுவர் எழுப்பி வெள்ளையடித்து, வரிசையாகக் கம்பம் நட்டு, கம்பத்துக்கு ஒரு ஒலிப்பெட்டி மாட்டினார். பெட்டியைக் கழற்றிக் கார் ஜன்னலில் தொங்கவிட்டுக்கொண்டு படம் பார்க்கலாம். மதராஸ் பக்கம் போனபோது பார்த்துவிட்டு வந்த ஆசை. முதல் நாள் மூன்று வண்டி வந்தது. ஒன்று அவருடைய சொந்த அம்பாசிடர், ஒன்று ஓசூர் டாக்டருடையது, மூன்றாவது கிருஷ்ணகிரிக்கு வழி கேட்க உள்ளே நுழைந்த ஜீப். ஒரு வாரம் இப்படியே போக, மனிதர் என் கடையில் வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். என் கடையில் டீ குடிக்கிற லாரிக்காரர்கள் எங்களை உள்ளே விடமாட்டார்களா என்று தினமும் கேட்பார்கள், அதைச் சொன்னேன். “லாரியெல்லாம் உள்ள வுட்டா அது கார் கொட்டாயாம்மா?” என்றார். “காரே இல்லாத ஊர்ல கார் கொட்டகை கட்டலாம், இருக்கிற லாரிய விடக்கூடாதாண்ணே?” என்று கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் முறைத்தார், அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் போர்டில் லாரி, டிராக்டர், மாட்டுவண்டி எல்லாவற்றையும் எழுதிவிட்டார். லாரி பின்னால், மாட்டுவண்டி முன்னால். அன்றிலிருந்துதான் எனக்கு உள்ளே கேண்டீன், அப்பாவுக்குப் படம் ஓட்டுகிற மிஷின் அறை. சண்டைக் காட்சி வந்தால் கைதட்டுவதற்குப் பதில் எல்லோரும் ஹாரன் அடிப்பார்களே, சூளகிரி வரை கேட்கும். ஒருமுறை குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாடு வாங்கிக்கொண்டு போன அஞ்செட்டிக்காரர் டெம்போவோடு படம் பார்க்க வந்து, இடைவேளையில் அந்த மாடு கன்று போட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். கன்றுக்கு இன்டர்வல் என்றே பெயர் வைத்து ஓட்டிக்கொண்டு போனார்.

இப்போது நடந்ததைக் கேள். சுவர் ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றது அல்லவா, அது முழுக்க ரோட்டுக்குப் போய்விட்டது. இடித்த அன்று கோவிந்தப்பண்ணன் வரவே இல்லை. மிச்ச நிலத்தை பிளாட் போடுகிறவருக்குக் கொடுத்துவிடப் போவதாகவும் திங்கட்கிழமை கையெழுத்து என்றும் சொல்லி அனுப்பினார். அப்பா மிஷினைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. பாக்டரியிலிருந்து அனுப்பியபோதும் இப்படித்தான் டிபன் பாக்சைக் கழுவிக்கொண்டே இருந்தார். அப்போதுதான் நம் பாப்பம்மா, கொட்டகை கூட்டுகிறவள், முன்னே கல் குவாரியில் வேலை செய்தவள், விளக்குமாற்றை நிலத்தின் அந்தக் கோடிக்கு நீட்டி, “அங்க கல்லு ஒடச்சிவுட்ட பாறை செவுராட்டம் நிக்குது, சும்மாதான கெடக்குது, அதுக்கு சுண்ணாம்பு அடிச்சா ஆவாதாக்கா?” என்றாள். பதினாறு வருஷமாக அந்தப் பாறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போண்டா போட்டிருக்கிறேன், எனக்குத் தோன்றவில்லை பார்.

நேராகப் பேரிகைக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை வரை பொறுங்கள் அண்ணே என்று நின்றேன். “முப்பது வண்டி வந்தா பேசலாம், இல்லைன்னா என்ன வுட்டுடும்மா” என்றார். பாப்பம்மா குவாரிப் பெண்கள் பதினொரு பேரைக் கூட்டி வந்தாள், எல்லோரும் கயிறு கட்டித் தொங்கி மூன்று கோட் சுண்ணாம்பு அடித்தார்கள். பக்கத்துத் தோட்டத்துத் தக்காளி ராமப்பன் டிராக்டரைக் கொண்டுவந்து, வண்டிகள் மூக்கைத் தூக்கி நிற்கிற மேடுகளை எதிர்ப்பக்கமாகச் சரித்துக்கொடுத்தான். அப்பா மிஷின் அறையின் பின்சுவரில் ஓட்டை போட்டு மிஷினைத் திருப்பி வைத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெய்தது பார் மழை, அடித்த சுண்ணாம்பெல்லாம் பால் மாதிரி வழிந்து ராமப்பன் தக்காளித் தோட்டத்துக்குள் போய்விட்டது. நான் மண்ணில் உட்கார்ந்து அழுதேவிட்டேன். பாப்பம்மாதான், “வஜ்ரம் போடாம அடிச்சா எப்பிடி நிக்கும், எந்திரிக்கா” என்று அதட்டினாள். சனிக்கிழமை விடியற்காலையில் வஜ்ரப் பசையைக் காய்ச்சிச் சுண்ணாம்பில் கலந்து, அப்பாவும் கயிற்றில் தொங்கி, மறுபடி அடித்தோம்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆறரை வரை ஒன்பது வண்டிதான். கோவிந்தப்பண்ணன் கேட் பக்கம் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் ஓசூர் பக்கமிருந்து லாரிகள் வரிசையாக விளக்கைப் போட்டுக்கொண்டு திரும்பின. என் டீ குடித்தவர்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லி வந்திருக்கிறார்கள். அறுபத்துநாலு வண்டி எஸ்லின். பாறையில் ஓர் இடம் புடைத்திருந்ததால் கதாநாயகி அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் மூக்கு நீளமாகிவிட்டது, சிரிப்பும் ஹாரனும் தாங்கவில்லை. படம் முடிந்ததும் ஒருத்தரும் வண்டியை எடுக்கவில்லை. “சூசையண்ணே வெளிய வா” என்று ஒரு டிரைவர் கூப்பிட, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அப்பா கதவைத் திறந்து கையெல்லாம் சுண்ணாம்போடு வந்து நின்றார், அறுபத்துநாலு ஹாரனும் ஒன்றாக அடித்தது. என்ன செய்வதென்று தெரியாமல் பாக்டரி வாசலில் செக்யூரிட்டிக்கு வைப்பதுபோல் ஒரு சல்யூட் வைத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எழுதிக் காட்ட முடியாது.

மறுநாள் கோவிந்தப்பண்ணன் வீட்டுக்கே வந்தார். “எனக்கு வயசாயிப்போச்சு, நெலம் எங்கியும் போவாது, நீங்க ரெண்டு பேரும் நடத்துங்க” என்றார். நாங்கள் சரி என்று சொல்லிவிட்டோம். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான், கேட்டால் வேண்டாம் என்பாய், அதனால்தான் கேட்கவில்லை. எனக்கு நாற்பத்தாறுதான் ஆகிறது, முட்டிவலியும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வரவில்லை. மூக்கு விஷயத்தைப் பாப்பம்மா உளியும் கையுமாகச் சரிசெய்துகொண்டிருக்கிறாள்.

மாதா உன்னைக் கைவிடாமல் காப்பாள். வெறும் வயிற்றோடு டியூட்டிக்குப் போகாதே, தலையை ஈரத்தோடு முடியாதே, லீவு எந்தத் தேதி என்று சீக்கிரம் எழுது, கோபம் இருந்தாலும் தேதியை எழுது. அப்பா தன் ஆசீரைச் சொல்லச் சொன்னார், திட்டுவதாக இருந்தால் உன் அம்மாவைத் திட்டு என்றும் சொன்னார்.

உன் அம்மா,
ஆ. ஆரோக்கியசெல்வி,
மேனேஜர், பாறைக் கொட்டகை, சூளகிரி.