பதினொரு நிமிடம்

அன்புள்ள சின்னவனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது கண்ணாடி இல்லாமலே என் சமையலில் குறை கண்டுபிடிக்கிறார்.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். போன லீவில் நீ வந்திருந்தபோது, எங்கள் கம்பெனி ஃபர்னஸில் சென்சாருக்கான பீங்கான் தகடுகள் நூற்றுக்கு நாற்பது விரிசல் விடுகிறது என்று புலம்பினேன் இல்லையா. நீ சாப்பிட்டுக்கொண்டே சிரித்து, அவசரப்பட்டு ஆற விடுறீங்கம்மா, எங்க கம்பெனியில நடுவுல பதினொரு நிமிஷம் அதே சூட்டுல நிறுத்தி வைப்போம், வெளியில சொல்லிடாதீங்க என்றாய். நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்துபோய் காலண்டர் ஓரத்தில் அதைக் குறித்துக்கொண்டேன். திங்கட்கிழமை நானே கண்டுபிடித்த மாதிரி செய்து பார்த்தேன், விரிசல் பாதியாகக் குறைந்தது. அதுவரை அடுத்தவர்கள் செய்த சென்சாரைப் பெட்டியில் அடைத்துக்கொண்டிருந்த கம்பெனி இல்லையா, முதலாளிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எல்லோரையும் கைதட்ட வைத்து என்னை சூப்பர்வைசர் ஆக்கினார். நானும் வெட்கமில்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது ஃபர்னஸ் வந்ததும் குட்டு உடைந்தது. அதே பதினொரு நிமிடம்தான், தகடெல்லாம் சுக்குநூறு. ஏன்க்கா பதினொன்னு, பத்து வச்சா என்ன என்று என்னோடு வேலை செய்யும் பெண்கள் கேட்டார்கள், திருதிருவென்று முழித்தேன். பிறகு நாலு மாதம் எல்லோருமாக நிமிடம் நிமிடமாக மாற்றி, உடைந்ததையெல்லாம் அடுக்கி வைத்துப் பார்த்து, கதவுப் பக்கம் சீக்கிரம் ஆறிவிடுகிறது என்று கண்டுபிடித்தோம். அந்த ஃபர்னஸுக்குப் பத்தொன்பது நிமிடம் வேண்டும். ஏன் என்று இப்போது எங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இதை முதலிலேயே செய்யாமல் போனேனே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

இப்போது உங்கள் கம்பெனிக்காரர்கள் எங்களிடம் சரக்கு எடுப்பதற்கு முன் பழைய ரெஜிஸ்டரையெல்லாம் பார்க்க வருகிறார்களாம். அதில் பதினொன்று என்று என் கையெழுத்தில் இருக்கிறது, அது உங்கள் கம்பெனிக் கணக்கு என்று பார்த்ததுமே அவர்களுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பக்கத்தைக் கிழிக்கக்கூடக் கை போனது, பாவி நான். கிழிக்கவில்லை. வியாழக்கிழமை முதலாளியிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர், பையனோட வேலைக்கு என்னம்மா ஆகும் என்று மட்டும் கேட்டார். பெற்ற தாயை நம்பித்தானே நீ சொன்னாய் கண்ணா, என்னை மன்னித்துவிடு.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. அவர்கள் இங்கே வரக் கிளம்புவதற்கு முன் இந்தக் கடிதத்தை உன் மேலதிகாரியிடம் நீயே கொடுத்துவிடு, என்னைக் காப்பாற்றுகிறேன் என்று ஒளித்து வைக்காதே. அவருக்கு நம் எழுத்து படிக்கத் தெரியாதே, நீதான் படித்துச் சொல்ல வேண்டும். அம்மா திருடினாள் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வேறு வார்த்தை தேடாதே.

இப்படிக்கு,
உன்னைத் தலைகுனிய வைத்த அம்மா