எட்டாம் எண் கரடி

பாய்மரக் கப்பல் 'கொண்டல்'. வடதுருவக் கடல்.
பதிவு: கஸ்பார் மோத்தா, தலைமை மாலுமி, வயது 71.

செப்டம்பர் 4, 2091. காலை 7.00
காற்று வடகிழக்கு, மிதம். கடல்நீர் 4 டிகிரி. நங்கூரம் விரிகுடாவின் தென்கரையில். பயணிகள் ஆறு பேரும் நலம். பனியாறு போன ஆண்டு கடலைத் தொட்டுக்கொண்டிருந்தது. இப்போது உருகிச் சுருங்கிப் பாறைக்கு மேலே ஏறிவிட்டது. எட்டாம் எண் கரடி கரையில் நடக்கிறது.

இதைக் கண்டெடுப்பவர் அறிக: எட்டாம் எண் கரடி ஓர் இயந்திரம். உண்மையான வெண்கரடிகள் கண்ணில் படாமல் போனதும் பயணிகளுக்காக நிறுவனம் இவற்றைக் கரையில் விட்டது. இயந்திரம் என்று சொல்லக் கூடாது என்பது உத்தரவு. நான் சொல்வேன் என்பது அவர்களுக்கும் தெரியும். இந்தக் குளிரில் பாய் கட்ட வேறு ஆள் கிடைக்காததால் என்னை வைத்திருக்கிறார்கள்.

ரப்பர் படகிலிருந்து பயணி செங்கோடன், வானொலியில்: "ஏனுங் கேப்டன், அது நெசக் கரடிதானுங்களா? காலைல இருந்து ஒண்ணுக்குக்கூடப் போகலைங்களே!"
நான்: "பேட்டரிக்கு அது வராது."
சிரிப்பு. இதற்கும் புகார் போகும். போகட்டும்.

செப்டம்பர் 6. மாலை 4.15
வடக்குத் திட்டில் ஒரு பெண் கரடி செத்துக் கிடக்கிறது. உண்மையானது. பட்டினிச் சாவு. பக்கத்தில் குட்டி, இந்த ஆண்டு பிறந்தது. முலையை இழுத்து இழுத்துப் பார்க்கிறது.

அலுவலகத்தின் தொடர்பு அறையில் என் தம்பி மகள் பிளேவியா இருக்கிறாள். அவளிடம் சொன்னேன். பதில்: "மேல கேட்டுட்டேன் பெரியப்பா. காட்டு விலங்கு விஷயத்துல கை வைக்கக் கூடாதாம்."
"செத்துப் போவுமேட்டி."
"செத்தாலும் வைக்கக் கூடாதாம். எம்மேல கோவப்படாதிய."

செப்டம்பர் 8. காலை 9.30
குட்டி எட்டாம் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டது. பேட்டரி உறையாமலிருக்க இயந்திரத்தின் வயிற்றில் ஒரு சூடேற்றி உண்டு. குட்டி அதன் அடியில் சுருண்டு படுத்திருக்கிறது. இயந்திரம் நடந்தால் எழுந்து பின்னால் போகிறது.

செப்டம்பர் 12. பகல் 1.00
பருவம் முடிந்தது. பயணிகள் பெரிய கப்பலில் ஏறிவிட்டார்கள். கொண்டலையும் திருப்பிக் கொண்டுவரச் சொன்னார்கள். மறுத்தேன்.

தூண்டிலில் காட் மீன் விழுகிறது. குட்டி பாறைக்கு அப்பால் அலையும் நேரம் பார்த்து இயந்திரத்தின் வாயில் மீனைச் செருகிவிட்டு வருகிறேன். என் உருவமும் வாடையும் அதற்குத் தெரியக் கூடாது. மனிதன் தீனி போடுவான் என்று பழகிய கரடி குடியிருப்புக்குப் போய்த் துப்பாக்கியில் சாகும். இங்கே கப்பலோட்டுகிற எவனும் இதை மீறமாட்டான். நானும் மீறவில்லை. அலுவலகத்தின் விதி வேறு, இது வேறு.

செப்டம்பர் 20. காலை 10.10
பிளேவியா: "எல்லா மெஷினையும் இங்கருந்தே நிப்பாட்டி, கப்பல்ல ஏத்தப் போறாவ."
"எட்டு நிக்காது. ஆண்டெனாவக் கழட்டிட்டேன்."
"ஐயோ, என்ன காரியம் செஞ்சிய? கேட்டுட்டுச் செய்யக் கூடாதா?"
"கேட்டேன்லா, கை வைக்காதன்னீங்கள்லா? தாயை நிப்பாட்டுற பொத்தான் எதுன்னு உன் முதலாளிகிட்ட கேட்டுக்க."

நான் எந்தக் கல்லூரியிலும் இயந்திரம் படிக்கவில்லை. கழற்றி மாட்டித்தான் கற்றேன். கடல் உறைந்தால் குட்டி பனிமேல் வேட்டைக்குப் பழகும். அதுவரை எட்டு நடக்க வேண்டும்.

அக்டோபர் 3. காலை 8.00
கரையிலிருந்த மின்கம்பத்தை அணைத்துவிட்டார்கள். கப்பலின் காற்றாலையிலிருந்து கம்பி இழுத்து எட்டுக்கு மின்சாரம் ஏற்றுகிறேன். அறையில் சூடு இல்லை. இடது கை விரல்கள் மரத்துவிட்டன. கடல் இன்னும் உறையவில்லை.

குட்டிக்கு முதுகில் சதை பிடித்திருக்கிறது. இயந்திரத்தின் காதைக் கடித்துத் தொங்குகிறது. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 11. பகல் 11.40
பிளேவியா: "பெரியப்பா, எட்டு எங்க நிக்குது?"
"கரையில. ஏன்?"
"கம்பெனியில செய்யும்போதே ஒரு தேதி வச்சிருக்காவ. அன்னிக்குக் கடல் உறைஞ்சிருக்கும்னு கணக்கு. பனிமேல நடந்து, எதிர்க்கரையில மெஷினெல்லாம் வைக்கிற கிட்டங்கிக்குத் தானாப் போயிரும். இன்னிக்குத்தான் அந்தத் தேதி. மத்ததெல்லாம் நிப்பாட்டியாச்சு. எட்டுக்கும் நில்லுன்னு காலையிலேருந்து அனுப்புதோம். அதுக்குத்தான் ஆண்டெனா இல்லையே பெரியப்பா!"
"எப்பக் கிளம்பும்?"
"பன்னெண்டு மணிக்கு."

இயந்திரத்தை நிறுத்தும் விசை கழுத்தின் கீழ் இருக்கிறது. ரப்பர் படகை இறக்குகிறேன்.

பகல் 12.15
படகிலிருந்து பேசிப் பதிகிறேன். எட்ட முடியவில்லை. துடுப்பு கையில் நிற்கவில்லை. எட்டு தண்ணீருக்குள் இறங்கியது. முழங்கால். முதுகு. தலை. நிற்கவே இல்லை. அதற்கு மிதக்கத் தெரியாது. கடலின் அடித்தரையில் நடக்கிறது.

குட்டி கரையில் கொஞ்சம் நின்றது. பிறகு குதித்தது.

பகல் 1.00
எட்டின் மோட்டார் சத்தம் படகின் அடியில் கேட்கிறது. குட்டிக்கும் கேட்கிறது. முகத்தைத் தண்ணீருக்குள் விட்டுக் கேட்டுக் கேட்டுப் பின்னாலேயே நீந்துகிறது. எதிர்க்கரை ஒன்பது மைல். வலையை வீசினேன். முங்கித் தப்பியது. படகைக் குறுக்கே விட்டேன். சுற்றிக்கொண்டு போகிறது.

பிளேவியா: "பெரியப்பா, பிடிச்சியளா? பெரியப்பா?"

மணி தெரியவில்லை
சத்தம் இன்னும் கேட்கிறது. பேட்டரி நிற்காது. நேற்று நானே முழுதாக ஏற்றினேன்.

குட்டி மெதுவாகிறது. மூக்கு மட்டும் வெளியே.

மீனை எடுத்து வீசுகிறேன். முகத்துக்கு முன்னாலேயே விழுகிறது. திரும்பவில்லை. வா என்கிறேன். இங்கே வா, நான்தான், நான்தான் போட்டேன் என்று கத்துகிறேன். என் குரலைக் கேட்டு இன்னும் விலகுகிறது.

அதற்கு என்னைத் தெரியாது.